மஞ்சள் படாத கட்டு

வைரக்கண்ணு மருந்துக் குப்பிகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் தீக்குச்சி முனையால் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் இருந்த தனியார் மருத்துவமனை அது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், செருப்புகளைக் கழற்றிப் போடும் இடத்தருகே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேஜையாக்கி அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

குரல் கேட்டதும் குப்பியைத் துண்டுக்குள் மறைத்தார். நிற்பது மகள் செம்மொழி என்று தெரிந்ததும் மறுபடி வெளியே எடுத்தார்.

"அடையாளம் வைக்கிறேன் பாப்பா."

"எதுக்கு?"

"கீழே மருந்துக்கடையில நான் வாங்குறேன். இந்தக் கதவுல குடுக்குறேன். கதவு சாத்திக்குது. அப்புறம் அந்த மருந்து உங்கம்மா உடம்புக்குள்ளதான் போச்சுன்னு யாரு பாத்தா? பின்வழியா திரும்பக் கடைக்கே போய், நாளைக்கு அதையே நம்ம தலையில கட்டமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

"இது நம்ம வாத்துக்கு அடையாளம் வைக்கிற பெயிண்ட் தானே?"

"உஸ்!" வைரக்கண்ணு சட்டென்று நிமிர்ந்து நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவா பேசு. எதை எங்க பேசுறதுன்னு வேணாமா?"

வாத்து என்று சொல்வதில் என்ன ரகசியம் என்று செம்மொழிக்குப் புரியவில்லை. அதைக் கேட்கும் மனநிலையிலும் அவள் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா செவ்வந்தி கண் திறக்காமல் கிடந்தாள்.

வாத்துப் பட்டியின் கம்பி வலையைச் சரிசெய்தபோது செவ்வந்தியின் உள்ளங்கையில் கம்பி கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான். அது வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சலாகி, இங்கே தூக்கி வந்தபோது அவளுக்கு நினைவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். எந்த மருந்துக்கும் அசையாத கிருமி. கடைசியில் பாலிமிக்ஸின் என்ற ஊசியை ஆரம்பித்தார்கள். பல நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. போதாக்குறைக்கு இப்போது சிறுநீரகமும் தளர ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் கமருன்னிஸா வெளியே வந்தாள். கையில் ஒரு தட்டு. தட்டில் காலிக் குப்பிகள்.

"யாருங்க இதுக்கெல்லாம் பொட்டு வெச்சது? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

வைரக்கண்ணு எழுந்து நின்றார். "நான்தாங்க. ஒரு இதுக்காக..."

"எந்த இதுக்காகன்னு எங்களுக்குத் தெரியாதா? நேத்தே பாத்துட்டோம். சந்தேகம்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல? இந்தாங்க, எல்லாம் உங்க பொட்டுதான். ரப்பர்ல ஊசி குத்தின ஓட்டை தெரியுதா? உங்க சம்சாரம் உடம்புலதான் போயிருக்கு. பாத்துட்டீங்கன்னா குடுங்க, நான் குப்பையில சேர்க்கணும்."

அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். எதிலும் பொட்டு மாறவில்லை. கமருன்னிஸா தட்டை வாங்கிக்கொண்டு போகும்போது, "அடுத்த தடவை பச்சை பெயிண்ட் வாங்குங்க பெரியவரே, எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் வைரக்கண்ணு மகள் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா மருந்தே டூப்ளிகேட்டு."

"அப்பா!"

"பின்ன? மருந்து உள்ள போகுது. வேலை செய்யல. நல்ல மருந்துன்னா செய்யாதா? நீ படிச்சவதானே, சொல்லு."

அப்பாவின் சந்தேகத்தைச் சிரித்துத் தள்ளலாம். ஆனால் போலி மருந்து பிடிபட்ட செய்தி பேப்பரில் வராத மாதம் உண்டா? குளிரில் வைக்க வேண்டிய மருந்தை எவனாவது வெயிலில் போட்டிருந்தால்? செம்மொழிக்குள்ளும் அந்தப் புழு நெளிய ஆரம்பித்தது. அவர் கையிலிருந்த புதுக் குப்பிகளில் ஒன்றை வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

திருச்சி சாலையில் இருந்த ஒரு கல்லூரியில் அவளுக்கு ஆராய்ச்சி வேலை. அவள் வேலையே கொழுப்போடுதான். சாப்பாட்டுக் கொழுப்பு இல்லை. உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய தோல் கொழுப்பால் ஆனது. கிருமிக்கும் அப்படித்தான். பாலிமிக்ஸின் மாதிரியான மருந்துகள் கிருமியின் அந்தக் கொழுப்புத் தோலைத்தான் குறிவைக்கின்றன. கிருமியின் வெளித்தோலில் எதிர்மின் ஏற்றம் இருக்கும்; மருந்தில் நேர்மின் ஏற்றம். ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும். ஒட்டியதும் மருந்து தன் கொழுப்பு வாலைத் தோலுக்குள் சொருகிவிடும். தோல் குலைந்து, உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகி, கிருமி செத்துப்போகும்.

இதைக் கிருமியே இல்லாமல் பார்க்கச் செம்மொழியிடம் ஒரு வழி இருந்தது. கொழுப்பை மட்டும் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் செய்வாள். குமிழிக்குள் ஒரு சாயத்தை நெருக்கியடித்து நிரப்பிவிடுவாள். நெருக்கத்தில் இருக்கும்வரை அந்தச் சாயம் ஒளிராது. குமிழி கிழிந்து வெளியே வந்தால் பச்சையாக மின்னும். மருந்து வேலை செய்கிறதா என்று அந்தப் பச்சை சொல்லிவிடும்.

அன்று அவள் இரண்டு வகைக் குமிழிகளை எடுத்துக்கொண்டாள். ஒன்று, கிருமியின் தோல் போல எதிர்மின் ஏற்றமுள்ள கொழுப்பில் செய்தது. இன்னொன்று, ஏற்றமே இல்லாத கொழுப்பில் செய்தது. முதல் வகையில் ஒரு துளி மருந்தை விட்டாள். பச்சை வந்துவிடக் கூடாது என்று அவள் மனதின் ஒரு ஓரம் வேண்டியது. மருந்து போலியாக இருந்தால் நல்ல மருந்து வாங்கிவிடலாமே! அம்மா பிழைத்துவிடுவாளே!

பச்சை வந்தது. கருவியின் திரையில் கோடு சரசரவென்று மேலே ஏறியது.

இரண்டாவது வகையிலும் ஒரு துளி விட்டாள். கோடு படுத்தே கிடந்தது. ஒட்டிக்கொள்ள ஏற்றம் இல்லாத தோலை மருந்து தொடவே இல்லை.

செம்மொழி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மருந்து அசல். திருட்டு இல்லை, போலி இல்லை, கெட்டும் போகவில்லை. அப்படியானால் அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் கிருமிதான் வேறு. அது தன் தோலின் கொழுப்பை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெளியே இருக்கும் எதிர்மின் ஏற்றத்தை மூடி மறைத்துக்கொண்டால், மருந்துக்குப் பிடிக்க இடம் கிடையாது. வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆனால் ஒரு கிருமிக்கு அந்த வித்தை சும்மா வராது. அந்த மருந்தோடோ அதன் உறவுக்கார மருந்தோடோ கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய இடத்தில்தான் அது தலையெடுக்கும். அம்மா வாழ்நாளில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது செம்மொழி பிறந்தபோது மட்டும்தான். அவள் கையில் கிழித்த கம்பியில் அப்படி ஒரு கிருமி எப்படி வந்தது?

மருத்துவமனையில் டாக்டர் அரவிந்தன் அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. வாலிப வயதுதான், தூக்கமில்லாமல் கண்கள் உள்ளே போயிருந்தன.

"நீங்க சொல்றது நடக்கக்கூடியதுதான். ஆனா ரத்தத்துல எடுத்த கிருமியைச் சோதிச்ச மெஷின் ரிப்போர்ட்ல இந்த மருந்து வேலை செய்யும்னுதான் வந்திருக்கு."

"இந்த மருந்து விஷயத்துல மெஷினை முழுசா நம்ப முடியாதுன்னு உங்களுக்கும் தெரியும் சார். குழாய்ல வளர்த்துப் பாத்தாத்தான் சரியா வரும்."

"தெரியும். ஆனா மெஷினைச் சந்தேகப்பட ஒரு காரணம் வேணுமில்லையா? அதுக்குத்தான் முதல் நாளே கேட்டேன், வீட்ல ஆடு, மாடு, கோழி ஏதாவது உண்டான்னு. ஒண்ணுமே இல்ல, வெறும் நெல் விவசாயம்னு உங்கப்பா சொல்லிட்டார்."

"ஒண்ணுமே இல்லைன்னா சொன்னார்?"

"கேஸ் ஷீட்லயே எழுதியிருக்கேன். காயத்துக்கு என்ன போட்டீங்கன்னு கேட்டேன். மஞ்சள் மட்டும்தான்னார்."

"சார், எங்க வீட்ல ஒரு பட்டி வாத்து இருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தீவனத்துல மருந்து ஏதாவது கலக்கறாரா?"

"தெரியல சார்."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. குழாய் டெஸ்ட்டை இப்பவே வைக்கச் சொல்றேன். ஆனா முடிவு நாளைக்குத்தான். இன்னிக்கி சாயங்கால ஊசிக்கு முன்னாடி நான் ஒரு முடிவு எடுத்தாகணும். இதையே தொடர்ந்தா கிட்னி தாங்காது. ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கற இன்னொரு வழி இருக்கு. அதுவும் பலிக்கும்னு உறுதி கிடையாது. மெஷின் சொன்னது நிஜமா இருந்து, வேலை செய்யற மருந்தை நானே நிறுத்திட்டேன்னா? வாத்து வெச்சிருக்காங்கங்கறது மட்டும் போதாது. இந்த ஜில்லாவுல பாதிப் பேர் வெச்சிருக்காங்க. அந்தக் காயத்துக்கும் மருந்துக்கும் நேரடியா ஏதாவது தொடர்பு இருந்ததான்னு பாருங்க."

வெளியே வந்தபோது வைரக்கண்ணு அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் ரூம்ல என்ன அவ்வளவு நேரம்?"

"சும்மாதான். அம்மாவுக்குத் துணி எடுத்துட்டு வர்றேன்."

அப்பாவிடம் பொய் சொல்வது இத்தனை சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பியபோதும் அவர் பார்வை முதுகில் குத்தியது.

கீழக்கொற்றங்குடியில் தாளடி அறுப்பு முடிந்து வயல்கள் வெறும் தாளாக நின்றன. சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிவிட்டு வந்திருந்த வாத்துகள் வீட்டுக்குப் பின்னால் பட்டியில் இரைந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். செவ்வந்தி ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து பட்டியைக் கவனிப்பது அவள்தான்.

"வாடி கண்ணு. அம்மா எப்படி இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு அத்தை."

"கண்ணு முழிச்சாளா?"

"இன்னும் இல்ல."

பொன்னுத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுங்களுக்கும் அவ இல்லாம முட்டையே சரியா வைக்க மாட்டேங்குது. அந்த மருந்துப் பொடி வேற இல்ல."

"எந்தப் பொடி?"

"தவிட்டுல கலக்குவாங்கள்ல, வெள்ளையா, பாட்டில்ல இருக்குமே. அண்ணன் துணி எடுக்க வந்தப்ப நான்தான் கேட்டேன், எவ்வளவு போடணும்னு. மனுஷன் ஒண்ணும் பேசல. பாட்டிலைத் தூக்கிட்டுப் போயி வாய்க்கால்ல கவுத்துட்டு வந்தாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பொண்டாட்டி படுத்துட்டான்னு புத்தி பேதலிச்சுப்போச்சோன்னு நெனச்சேன்."

செம்மொழிக்குப் புரிய ஆரம்பித்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவர் மேலும் சந்தேகப்பட்டுக்கொண்டே, இங்கே வந்து தடயத்தை வாய்க்காலில் விட்டிருக்கிறார்.

"அந்தப் பொடி யாருகிட்ட வாங்கினது அத்தை?"

"பைக்ல வருவானே தீவன ஏஜென்ட்டு, புகழேந்தி. அவன் நம்பர் அதோ கதவுலயே கிறுக்கியிருக்கு பாரு."

செம்மொழி அந்த நம்பருக்குப் போன் செய்தாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"வைரக்கண்ணு வீட்லேர்ந்து பேசுறேங்க. வாத்துக்கு அந்தப் பொடி தீந்துபோச்சு."

"அது இனிமே வராதும்மா. தடை போட்டு வருஷக்கணக்காச்சு. பழைய சரக்கு கொஞ்சம் கெடந்துச்சு, அண்ணன் நச்சரிச்சாரேன்னு குடுத்தேன். டானிக் இருக்கு, அனுப்பட்டா?"

"இல்லங்க, அதேதான் வேணுமாம். வேற எங்கயாவது கேட்டுப் பாக்குறோம். பேரு மட்டும் சொல்லுங்க."

எதிர்முனையில் குரல் தாழ்ந்தது.

"கோலிஸ்டின்னு கேளு. யாரு சொன்னாங்கன்னு கேட்டா என் பேரை இழுக்காதே தாயி."

செம்மொழி போனை வைத்தாள். கோலிஸ்டினும் பாலிமிக்ஸினும் பெயரில்தான் வேறு வேறு. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்றுக்கு டிமிக்கி கொடுக்கக் கற்ற கிருமி இன்னொன்றுக்கும் கொடுத்துவிடும்.

ஆனால் டாக்டர் கேட்டது அது மட்டுமில்லையே. அவள் கொடியில் கிடந்த அம்மாவின் புடவைகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு கிழிந்த துணி சுருண்டு கிடந்தது. அம்மாவின் பழைய ஊதாப் புடவையிலிருந்து கிழித்த பட்டை அது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அன்று காலையில் கையிலிருந்து அவிழ்த்துப் போட்ட கட்டு. பழுப்பாக ரத்தக் கறை. காய்ந்த சீழ். அவள் அதைக் குச்சியால் பிரித்துப் பார்த்தாள். உள்மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் பொடி கட்டி தட்டிப் போயிருந்தது.

மஞ்சள் எங்கேயும் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது வைரக்கண்ணு ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் இருந்தார். டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

"துணி எடுத்துட்டு வர இவ்வளவு நேரமா? அந்த டாக்டர்கிட்ட என்ன சொன்னே? அந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரியா பாத்துட்டுப் போகுது. நீயும் அவங்க கட்சியில சேந்துட்டியா?"

"நம்ம வீட்ல வாத்து இருக்குன்னு சொன்னேன்."

வைரக்கண்ணு கிளாஸைப் பெஞ்சில் டக்கென்று வைத்தார். "கெடுத்தியே! இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா? வாத்துன்னு சொன்னா பறவைக் காய்ச்சல்னு எழுதிருவாங்க. நாளைக்கே வண்டி வரும். உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கிட்டு வந்து, குழி வெட்டி, பட்டியோட போட்டு மூடிட்டுப் போயிருவாங்க. டிவியில காட்டல? யார் வயல்லயோ கூலிக்கு நின்ன குடும்பம், இன்னிக்கி இதுங்களாலதான் நாலு பேரு முன்னாடி நிமிந்து நடக்குது. அதைக் குழியில போடச் சொல்றியா?"

"அதுக்காகத்தான் வாத்தை மறைச்சீங்களா?"

"பின்ன எதுக்கு?"

"சரி. காயத்துக்கு என்ன போட்டீங்க?"

"மஞ்சள்தான். சொன்னேனே."

செம்மொழி பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். உள்ளே அந்த ஊதாத் துணி.

"மஞ்சள் துவைச்சாலே போகாது. இதை யாரும் துவைக்கக்கூட இல்லப்பா. ஒரு பொட்டு மஞ்சள் காட்டுங்க, நான் இப்பவே வாயை மூடிக்கிறேன்."

அவர் கவரைத் தொடவில்லை. சாலையில் ஒரு டவுன் பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"வாத்துக்குக் கால்ல புண்ணு வந்தா அதைத்தான் தூவுவேன்." அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ரெண்டே நாள்ல காஞ்சிடும். அவ்வளவு சுருக்கா ஆறும். அதான், உங்கம்மாவும் வலிக்குதுன்னா... போட்டு விடுங்கன்னு அவதான் கேட்டா."

செம்மொழி கவரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இல்ல. அவ கேக்கல." வைரக்கண்ணு துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டார். "வேணாம்னா. இது வாத்து மருந்து, மனுஷருக்கு எதுக்குன்னா. நான்தான் கையைப் புடிச்சு இழுத்துத் தூவினேன். எரியுதுன்னா. எரிஞ்சாத்தான் மருந்துன்னேன். வீங்குச்சு. வீக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் போட்டேன்."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் மருந்துக்கடைக்காரரையும் நர்ஸையும் திருடங்கன்னு சொன்னீங்களா?"

"அவங்க திருடனா இருந்தா நல்லாருக்குமேன்னு பாத்தேன் பாப்பா."

இதற்கு மேல் அவரைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "எந்திரிங்க. டாக்டர்கிட்ட வந்து இதைச் சொல்லுங்க."

"நீயே சொல்லிடேன்."

"தூவினது நீங்க. எவ்வளவு போட்டீங்க, எப்பலேர்ந்து போட்டீங்கன்னு கேப்பார். எனக்கு என்ன தெரியும்? நீங்க இன்னும் கொஞ்ச நேரம் இங்க உக்காந்திருந்தா, வேலைக்கு ஆகாத அதே ஊசியை மறுபடி அம்மாவுக்குப் போட்டுருவாங்க. அது கிட்னியைத்தான் கொல்லும், கிருமியை இல்ல."

வைரக்கண்ணு எழுந்தார். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்காமல் நடந்தார். ஒரு ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார்.

டாக்டர் அரவிந்தன் முன்னால் அவர் உட்கார மறுத்து, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பொடி, தவிடு, வாத்தின் கால் புண், மனைவியின் கை, வாய்க்கால். டாக்டர் இரண்டு மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். பிறகு போனை எடுத்துப் பாலிமிக்ஸினை நிறுத்தச் சொன்னார். அந்தக் கூட்டு மருந்தில் ஒன்று தஞ்சாவூரில் இல்லை. திருச்சியிலிருந்து உடனே எடுத்து வர ஆள் அனுப்பச் சொன்னார்.

"அப்ப எல்லாம் என்னாலதானா சார்?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

"கிருமி வாத்துகிட்டேர்ந்து வந்ததா, வேற எங்கேயாவது ஒட்டினதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது ஐயா. ஆனா காயத்துல இருந்த கிருமியில இந்த மருந்துக்குத் தாக்குப் பிடிக்கற ஒண்ணு ரெண்டை மட்டும் மிச்சம் வெச்சு, மத்ததையெல்லாம் அந்தப் பொடி கொன்னிருக்கும். களையை விட்டுட்டுப் பயிரைப் பறிச்ச மாதிரி. அதுகூடத் தெரியாம செஞ்சது. ஆனா மறைச்சது தெரிஞ்சுதானே?"

வைரக்கண்ணு கதவுவரை போய்த் திரும்பி நின்றார்.

"வாத்துங்களை வந்து...?"

"பறவைக் காய்ச்சல் வேற, இது வேற. புதைக்க யாரும் வரமாட்டாங்க. ஆனா அந்தப் பொடியை வித்தவன் யாருன்னு கால்நடைத் துறையில கேப்பாங்க. அப்பவாவது மஞ்சள்னு சொல்லாதீங்க."

மறுநாள் குழாய்களைப் பார்க்கச் செம்மொழியை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு குழாயிலும் மருந்தின் அளவு கூடிக்கொண்டே போனது. கிருமி செத்திருந்தால் தண்ணீர் தெளிந்திருக்கும். எல்லாக் குழாயும் அரிசி கழுவிய நீர் போலக் கலங்கியிருந்தது. அத்தனை மருந்துக்கு நடுவில் அந்தக் கிருமி சுகமாகக் குடித்தனம் செய்திருந்தது. மெஷின் சொன்னது தப்பு. நேற்றைய மாலை ஊசியை நிறுத்தியது சரி.

புது மருந்து உடனே அற்புதம் எதையும் செய்துவிடவில்லை. ஒரு நாள் காய்ச்சல் இன்னும் ஏறியது. வைரக்கண்ணு நாற்காலியை விட்டு எழவில்லை. மருந்துக்கடைப் பையனிடம் சண்டை பிடிக்கவில்லை. கமருன்னிஸா கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, அவள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "என்ன பெரியவரே, ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறீங்க? எனக்கே சந்தேகமா இருக்கே" என்று அவள் சீண்டியபோதும் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு காய்ச்சல் மெல்ல இறங்கியது. சிறுநீர் சீராகப் பிரிய ஆரம்பித்தது. ஒரு காலையில் செவ்வந்தி கண்ணைத் திறந்து, மேலே சுற்றிய மின்விசிறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று செம்மொழி அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். செவ்வந்தி கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி கேட்டாள். அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் செம்மொழி நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வைரக்கண்ணு தூக்குவாளியோடு உள்ளே வந்தார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கஞ்சியை டம்ளரில் ஊற்றி ஆற்றினார். ஸ்பூனில் எடுத்து மனைவியின் வாயருகே கொண்டுபோனார்.

செவ்வந்தி கண்ணைத் திறந்தாள். வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனை முகர்ந்து பார்த்தாள்.

"இது யாரு வாங்கியாந்தது?"

"நான்தான். கேன்டீன்ல சுடச்சுட..."

"உள்ள என்ன போட்டிருக்கு?"

"கஞ்சிடி. நொய்யும் உப்பும். வேற என்ன?"

"அன்னிக்கும் மருந்துன்னுதான் சொன்னே."

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த அம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வைரக்கண்ணுவின் காது சிவந்தது. அவர் மகளைப் பார்த்தார். செம்மொழி உதவிக்கு வரவில்லை. ஜன்னல் கம்பியில் சாய்ந்து நின்றாள். அவர் ஸ்பூனைத் தன் வாயில் வைத்துக் கஞ்சியை விழுங்கினார். வாயைத் திறந்தும் காட்டினார்.

செவ்வந்தி அவர் தொண்டையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"இன்னும் ஒரு வாய் குடி" என்றாள்.